காலி டேங்க் காலி இல்லை

2001 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பிஎஸ்எல்வி-சி3 கிளம்பியது. டெஸ் என்கிற நம்முடைய செயற்கைக்கோளையும், கூடவே ஜெர்மனியின் பேர்ட், ஐரோப்பாவின் ப்ரோபா என்ற இரண்டு சின்ன கோள்களையும் சேர வேண்டிய இடத்தில் சேர்த்தது. ஏவல் பட்டியலில் அதற்கு எதிரே 'வெற்றி' என்று இருக்கும். அதில் தப்பில்லை.

ஆனால் 58 நாள் கழித்து, டிசம்பர் 19 அன்று, அதே ராக்கெட்டின் நான்காவது கட்டம் சுற்றுப்பாதையிலேயே வெடித்துச் சிதறியது. கணக்கில் ஏறிய துண்டுகள் மட்டும் 370 சொச்சம். யாரும் அதைச் சுடவில்லை. எதுவும் வந்து மோதவும் இல்லை. வேலை முடிந்து சும்மா சுற்றிக்கொண்டிருந்த ஒரு உலோக உருளை. அதற்குள் மிச்சம் கிடந்த எரிபொருள்தான் காரணம்.

இந்தப் பதிவில் என்னுடைய புகார் ராக்கெட்டின் மேல் இல்லை. நாம் ராக்கெட்டைப் பற்றிப் பேசும் விதத்தின் மேல். 'எரிந்து தீர்ந்த கட்டம்', 'செயலிழந்த பாகம்', 'காலி டேங்க்' என்றெல்லாம் செய்திகளிலும் பாடப்புத்தகங்களிலும் கூசாமல் எழுதுகிறோம். பெரும்பாலான நேரம் அது தீர்ந்தும் போகவில்லை, காலியும் இல்லை. இந்தச் சொல் வழக்கம் வெறும் மொழிச் சோம்பல் என்றால் விட்டுவிடலாம். ஆனால் 40 வருடமாக நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தப்பைச் செய்ததற்கும் இதே மனநிலைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மோதல் மேல் ஒரு மோகம்

விண்வெளிக் குப்பை என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது 2013ல் வந்த 'கிராவிட்டி' படம். ரஷ்யா தன்னுடைய செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் அடிக்கும். அந்தத் துண்டுகள் மற்றவற்றை அடிக்கும். அப்படியே சங்கிலியாகப் போகும். படமாக நல்லா இருக்கு. ஏவுகணையால் அடித்த சம்பவங்களும் நிஜத்தில் உண்டு: 2007ல் சீனா அடித்தது, 2019ல் நாமும் அடித்தோம். ஆனால் அந்தப் படமும், அதைத் தொட்டு வந்த நூற்றுக்கணக்கான கட்டுரைகளும் ஒரு விஷயத்தை நம் மண்டையில் ஏற்றிவிட்டன: மேலே ஏதாவது உடைய வேண்டும் என்றால் வெளியில் இருந்து ஒரு அடி விழ வேண்டும்.

வரலாறு அப்படி ஆரம்பிக்கவில்லை. சுற்றுப்பாதையில் நடந்த முதல் பெரிய சிதறல் 1961 ஜூன் 29 அன்று. அமெரிக்காவின் டிரான்ஸிட்-4ஏ செயற்கைக்கோளைக் கொண்டுபோய் விட்ட ஏபிள்ஸ்டார் என்ற மேல் கட்டம், வேலையை முடித்து ஒன்றேகால் மணி நேரத்தில் வெடித்தது. சுமார் 300 துண்டுகள். அதுவரை மனிதன் மேலே அனுப்பி அங்கே சுற்றிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் சேர்த்தால்கூட அவ்வளவு வராது. ஒரே நாளில், மிச்ச எரிபொருள் அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டியலில் இருக்கும் பொருட்கள் தற்செயலாக ஒன்றோடொன்று மோதியது இதுவரை விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான். அதில் இரண்டை எடுத்துப் பாருங்கள். 1996 ஜூலையில் பிரான்ஸின் செரீஸ் என்ற சின்ன ராணுவக் கோளின் நீட்டுக்கம்பியை ஒரு துண்டு அறுத்துக்கொண்டு போனது. அந்தத் துண்டு எங்கே இருந்து வந்தது? 1986 நவம்பரில் வெடித்த ஏரியான் ராக்கெட்டின் மூன்றாவது கட்டத்தில் இருந்து. அந்த ஏரியான் கொண்டுபோனதும் ஒரு பிரெஞ்சு செயற்கைக்கோளைத்தான். 2005 ஜனவரியில் இன்னொரு மோதல்: 31 வருடப் பழைய ஒரு அமெரிக்க ராக்கெட் பாகத்தை ஒரு சீனத் துண்டு அடித்தது. அந்தத் துண்டு 2000 மார்ச்சில் வெடித்த லாங் மார்ச்-4 ராக்கெட்டின் மூன்றாவது கட்டத்தைச் சேர்ந்தது. மோதல் என்று நாம் எழுதும் கதையின் முதல் அத்தியாயத்தில் பல சமயம் டேங்க்கில் விட்ட மிச்சம்தான் இருக்கிறது. அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுத்தான் படம் எடுக்கிறோம்.

கொதிக்கும், அதே சமயம் உறையும்

"விண்வெளி வெற்றிடம்தானே? குளிர்தானே? மிச்ச எரிபொருள் ஆவியாகிப் போயிருக்கும், இல்லாட்டி உறைஞ்சு கல்லா கிடக்கும். அதுல என்ன ஆபத்து?" இதுதான் அடிக்கடி கேட்கும் இரண்டாவது தவறான நம்பிக்கை. பாதி உண்மை என்பதால் இது கொஞ்சம் அதிகமாகவே நீடிக்கிறது. அதனால் அந்தப் பாதியை முதலில் பார்ப்போம்.

ஒரு திரவம் எந்த வெப்பத்தில் கொதிக்கும் என்பது அதன் மேல் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. குக்கரில் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். ஊட்டியில் அழுத்தம் குறைவு, அதனால் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதையே நீட்டிக்கொண்டு போனால், அழுத்தமே இல்லாத இடத்தில் தண்ணீரைக் கொட்டினால் உடனே கொதிக்கும். அடுப்பு வேண்டாம்.

ஆனால் கொதிக்க வெப்பம் வேண்டுமே? அதைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். மண்பானையில் தண்ணீர் குளிர்வது இதனால்தான். கசிந்து ஆவியாகிற கொஞ்சம் தண்ணீர், உள்ளே இருக்கிற மீதியின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகிறது. வெற்றிடத்தில் இது வெறித்தனமாக நடக்கும். பூஜ்ய டிகிரியில் இருக்கும் தண்ணீரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு ஆவியானாலே போதும், மீதி ஏழு பங்கும் பனிக்கட்டியாகிவிடும். ஒரே பாத்திரத்தில் கொதித்தலும் உறைதலும் ஒரே நேரத்தில்.

எரிபொருட்கள் எல்லாம் இதில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பிஎஸ்எல்வியின் நான்காவது கட்டத்தில் ஆக்ஸிஜனேற்றியாக இருப்பது நைட்ரஜன் டெட்ராக்சைடு வகை. சுத்தமான நைட்ரஜன் டெட்ராக்சைடு 21 டிகிரியிலேயே கொதித்துவிடும், மைனஸ் 11ல் உறையும். அதன் ஜோடியான மோனோமெத்தில் ஹைட்ரஸின் 87 டிகிரி வாக்கில் கொதிக்கும், மைனஸ் 52 வரை உறையாது. ராக்கெட் கெரசின் ரொம்ப மந்தம், சீக்கிரத்தில் ஆவியாகாது. திரவ ஆக்ஸிஜனோ மைனஸ் 183 டிகிரியில் கொதிப்பது; அதற்குச் சும்மா இருப்பதே கொதிப்பதுதான்.

வெளியே விட்டால் என்ன ஆகும் என்பதை வானத்திலேயே பார்த்தவர்கள் நிறைய. 2023 ஜனவரியில் ஹவாயின் மௌனா கியா மலையில் இருந்த ஒரு கேமராவில் நீல நிறச் சுருள் ஒன்று பதிவானது. 2025 மார்ச் 24 இரவு ஐரோப்பாவின் பல ஊர்களில் மக்கள் அதே மாதிரி ஒன்றைப் பார்த்தார்கள். இரண்டும் ஃபால்கன்-9 ராக்கெட்டின் மேல் கட்டம் தன் மிச்சத்தை வெளியேற்றியபோது வந்தவை. கட்டம் சுழன்றுகொண்டே வெளியேற்றுவதால் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைச் சுழற்றின மாதிரி சுருளாக விரிகிறது. கீழே இருட்டு, மேலே இன்னும் வெயில். அதனால் அந்தப் பனித்துகள்கள் பளபளக்கின்றன. பத்திரிகைகள் இரண்டு தடவையும் 'மர்மச் சுருள்' என்றுதான் தலைப்பு போட்டன. எனக்கு இது எரிச்சலான விஷயம். ஒரு ராக்கெட் ஒழுங்காகத் தன் வேலையை முடித்துவிட்டு டேங்க்கைக் கழுவி விடுகிறது. மேலே நடப்பதிலேயே நல்ல செய்தி அதுதான். அதைப் பேய்க்கதை ஆக்குகிறோம். வெளியேற்றாமல் விட்ட ராக்கெட் வானத்தில் எந்தக் கோலமும் போடாது. அதனால் அது செய்தியும் ஆகாது.

டேங்க்குக்குள் வெற்றிடம் இல்லை

நம்பிக்கையின் தப்பான பாதி இங்கேதான். வெற்றிடம் டேங்க்குக்கு வெளியே இருக்கிறது. வால்வு மூடியிருக்கும் வரை உள்ளே இருப்பது ஒரு மூடின அறை. அதற்குள் திரவம், அதன் ஆவி, எரிபொருளை இன்ஜினுக்குத் தள்ளுவதற்காக அடைத்த ஹீலியம் எல்லாம் இருக்கும். விண்வெளியின் 'குளிர்' என்பதும் அரைகுறையான சொல். பூமியைச் சுற்றும் ஒரு கட்டம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வெயிலுக்கும் நிழலுக்கும் போய்வருகிறது. காற்று இல்லாததால் வெயில் நேராகச் சுடும், நிழல் நேராகக் குளிரும். ஒரு நாளைக்கு 15 பகல், 15 இரவு. சி3யின் கட்டம் வெடிப்பதற்கு முன் 58 நாளில் ஏறத்தாழ 870 தடவை இப்படிச் சூடாகி ஆறியிருக்கும்.

ஒவ்வொரு தடவையும் உலோகம் விரிந்து சுருங்கும். பற்றவைத்த இடங்கள், வால்வுகள், இரண்டு திரவங்களுக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு எல்லாம் களைத்துப்போகும். உள்ளே ஆவி அழுத்தமும் ஏறி இறங்கும். நைட்ரஜன் டெட்ராக்சைடை 21 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் அதன் ஆவி அழுத்தம் நாலைந்து மடங்கு ஆகிவிடும்.

இனி இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தடுப்பு விரிசல் விட்டு இரண்டு திரவமும் சந்திப்பது. இந்த ஜோடிக்குத் தீக்குச்சி வேண்டாம், தொட்டாலே பற்றும். மேலே போய் இன்ஜினை நம்பகமாகப் பற்றவைக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிப்பட்ட ஜோடியைத் தேர்ந்தெடுத்தோம். ஏவும்போது எந்தக் குணம் வரமோ, வேலை முடிந்த பிறகு அதே குணம் சாபம். இரண்டாவது வழியில் தீயே கிடையாது, அழுத்தம் மட்டும்தான். திரவ ஆக்ஸிஜன் அறை வெப்பத்துக்கும் சாதாரண அழுத்தத்துக்கும் வந்தால் சுமார் 860 மடங்கு இடம் கேட்கும். மைனஸ் 118 டிகிரியைத் தாண்டிவிட்டால் எவ்வளவு அமுக்கினாலும் அது திரவமாக இருக்காது. மூடின டேங்க்கில் வழிவிடும் வால்வு மட்டும் சிக்கிக்கொண்டால், கணக்கு டேங்க்கின் சுவரோடுதான் முடியும்.

இதை அமெரிக்கா வேண்டுமென்றே செய்து பார்த்ததும் உண்டு. 1966 ஜூலை 5 அன்று ஏஎஸ்-203 என்ற சோதனைப் பறப்பில், எடையற்ற நிலையில் திரவ ஹைட்ரஜன் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க டேங்க்குக்குள்ளேயே டிவி கேமரா வைத்தார்கள். சந்திரனுக்குப் போகிற வழியில் அந்தக் கட்டத்தின் இன்ஜினை இரண்டாவது தடவை பற்றவைக்க வேண்டியிருந்தது, அதற்கான ஒத்திகை. கடைசியில் வென்ட்டை மூடி அழுத்தத்தை ஏறவிட்டார்கள். வடிவமைப்பு வரம்பையும் தாண்டித் தாங்கியது. பிறகு சிதறியது.

அந்தக் கேமரா வைத்ததற்குக் காரணமே திரவத்துக்கு 'கீழே' என்று ஒன்று இல்லாமல் போவதுதான். எடையற்ற நிலையில் அது சுவர்களில் ஒட்டிக்கொண்டு பரவும், வாயு நடுவில் குமிழியாக நிற்கும். நீங்கள் வால்வைத் திறந்தால் வருவது வாயுவா திரவமா என்பது அந்த நேரத்து நிலவரம். திரவம் வந்தால் குழாயிலேயே கொதித்து உறைந்து வழியை அடைக்கலாம். ஒரே பக்கமாகச் சீறினால் கட்டம் கரணம் அடிக்க ஆரம்பிக்கும். அதனால் எதிரெதிர்த் திசையில் இரண்டு வாய் வைத்து வெளியேற்ற வேண்டும். முதலில் ஒரு சின்னத் தள்ளு கொடுத்துத் திரவத்தை ஒரு மூலைக்கு ஒதுக்க வேண்டும். இதற்கெல்லாம் பேட்டரியில் கொஞ்சம் உயிரும் கம்ப்யூட்டரில் ஒரு கட்டளையும் மிச்சம் இருக்க வேண்டும். இந்த மொத்த வேலைக்கும் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் பேசிவேஷன். சாதுவாக்குதல் என்று சொல்லலாம். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி இல்லை. துப்பாக்கியைப் பரணில் வைப்பதற்கு முன் குண்டை எடுத்துவிடுகிற மாதிரி.

அவரவர் வீட்டுக் குக்கர்

இதெல்லாம் தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியுமா?

1970களில் அமெரிக்காவின் டெல்டா ராக்கெட்டின் இரண்டாவது கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வெடித்தன. லேண்ட்சாட்-1ஐக் கொண்டுபோனது 1972 ஜூலையில் ஏவப்பட்டு, 1975 மே மாதம் வெடித்தது. ஆராய்ந்தபோது மிச்ச எரிபொருளும் தடுப்புச் சுவரும்தான் குற்றவாளிகள் என்று தெரிந்தது. 1981 முதல், வேலை முடிந்ததும் இன்ஜினை இன்னொரு முறை எரியவிட்டு டேங்க்கைத் தீர்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த வழக்கத்தில் கிளம்பிய கட்டங்கள் அடங்கின. அதற்கு முன் அனுப்பியவையோ தங்கள் நேரத்துக்காகக் காத்திருந்தன. 1975ல் நிம்பஸ்-6 செயற்கைக்கோளைக் கொண்டுபோன டெல்டா கட்டம், ஏறத்தாழ 16 வருடம் சும்மா சுற்றிவிட்டு 1991 மே மாதம் வெடித்தது.

ஆக 1981லேயே நோயும் தெரியும், மருந்தும் தெரியும். ரகசியமும் இல்லை. ஆனால் ஐரோப்பா கற்றுக்கொள்ள 1986 ஏரியான் வெடிக்க வேண்டியிருந்தது. சீனா கற்றுக்கொள்ள 2000 மார்ச். நாம் கற்றுக்கொள்ள 2001 டிசம்பர். சோவியத் புரோட்டான் ராக்கெட்டின் சின்னத் துணை மோட்டார்கள் 40க்கும் மேற்பட்டவை பல பத்தாண்டுகளாக வெடித்துக்கொண்டே இருந்தன. அவரவர் வீட்டுக் குக்கர் வெடித்த பிறகுதான் அவரவர் வெயிட்டைத் தூக்கிப் பார்த்தார்கள்.

ஏன்? அறிவு போதாமை என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு காரணம் சொல்வேன். முதலாவது, மிச்சம் என்பது தப்பு இல்லை, திட்டமிட்ட ஒன்று. வண்டியில் ரிசர்வ் வைக்கிற மாதிரி, இன்ஜின் கொஞ்சம் குறைவாகத் தள்ளினால் ஈடுகட்ட மேல் கட்டத்தில் உபரி எரிபொருள் வைத்தே ஆக வேண்டும். எல்லாம் நன்றாக நடந்தால் அந்த உபரி அப்படியே நிற்கும். அதாவது ஏவல் எவ்வளவு சுத்தமாக நடக்கிறதோ அவ்வளவு மிச்சம் மேலே தங்கும். இரண்டாவது, அதை வெளியேற்றத் தேவையான வால்வும் பேட்டரியும் எடை. மேல் கட்டத்தில் கூடும் ஒரு கிலோ, செயற்கைக்கோளில் குறையும் ஒரு கிலோ. வாடிக்கையாளர் இறங்கிப் போன பிறகு யாருக்காக அந்த ஒரு கிலோ?

வில்லனாக ஒரு தடவை

மிச்ச எரிபொருளை உலகமே பேசிய ஒரு சந்தர்ப்பம் உண்டு. யுஎஸ்ஏ-193 என்ற அமெரிக்க உளவுக் கோள் 2006 டிசம்பரில் ஏவப்பட்டு உடனே செயலற்றுப் போனது. அதில் சுமார் 450 கிலோ ஹைட்ரஸின். ஹைட்ரஸின் 2 டிகிரியிலேயே உறையும். ஹீட்டர் ஓடாத கோளில் அது கட்டியாகிவிடும். உறைந்த கட்டியோடு அந்த டேங்க் எரியாமல் தரைக்கு வந்து விஷத்தைக் கக்கலாம் என்று சொல்லி, 2008 பிப்ரவரியில் அமெரிக்கா கப்பலில் இருந்து ஏவுகணை விட்டு அதை அடித்தது. சீனா அடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

உறைந்துபோகும் என்ற இயற்பியலில் குறை இல்லை. அந்த அக்கறை வந்த நேரம்தான் இடிக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ கட்டங்கள் நச்சு மிச்சத்தோடு சுற்றின, விழுந்தன, வெடித்தன. அவற்றுக்கு எந்தக் கப்பலும் கிளம்பவில்லை. ஏவுகணைக்கு ஒரு காரணம் தேவைப்பட்டபோது மட்டும் மிச்ச எரிபொருள் மக்களின் ஆபத்தாக ஆனது. மற்ற நாட்களில் அதே திரவம் 'காலி டேங்க்'.

'வெற்றி' எங்கே முடிகிறது

இப்போது நிலைமை தேறியிருக்கிறது. 2007ல் ஐநா ஒப்புக்கொண்ட குப்பைத் தடுப்பு வழிகாட்டிகளில், வேலை முடிந்ததும் தேங்கிய ஆற்றலை வெளியேற்று என்பது ஒன்று. ஆனால் அது கட்டாயம் இல்லை, விருப்பம்தான். சி3க்குப் பிறகு இஸ்ரோவும் நான்காவது கட்டத்தைச் சாதுவாக்கத் தொடங்கியது. 2024 ஜனவரி 1 அன்று எக்ஸ்போசாட்டைக் கொண்டுபோன பிஎஸ்எல்வி-சி58ன் நான்காவது கட்டத்தை 650 கி.மீ. உயரத்தில் இருந்து 350 கி.மீ.க்கு இறக்கி, மிச்ச எரிபொருளை வெளியேற்றி, மேலே பரிசோதனை மேடையாகவும் பயன்படுத்தினார்கள். அது மார்ச் 21 அன்று வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. சி3யின் துண்டுகளில் ஐம்பதுக்கும் மேல் 2022 கடைசியிலும் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. 21 வருடம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் 2024ல் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும். ஆனால் சாதனைச் செய்திகளில் சி3 வருவதே இல்லை. பழைய தழும்பைக் காட்டாமல் மருந்தை மட்டும் புகழ்ந்தால் அது விளம்பரம்.

என்னுடைய கோரிக்கை சின்னது. ராக்கெட் ஏவினால் டிவியில் கைதட்டு வருவது செயற்கைக்கோள் பிரியும்போது. கைதட்டட்டும். ஆனால் ஏவல் பட்டியலில் 'வெற்றி' என்று எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு கட்டம் போடலாம்: மிச்சம் வெளியேற்றப்பட்டதா, எப்போது, கட்டம் இப்போது எங்கே. எழுதுகிறவர்களும் அதைக் கேட்கலாம். கல்யாணம் நன்றாக நடந்ததா என்பதைப் பந்தி முடிந்த கையோடு தீர்மானிக்க முடியாது; சமையல்கூடத்தில் அடுப்பை அணைத்தார்களா என்றும் பார்க்க வேண்டும். 1961ல் இருந்து நாம் அணைக்காமல் விட்டுவந்த அடுப்புகளில் சில இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருக்கின்றன.